மிஸ்டிக்: திமிங்கல வேட்டை ஊரா, கப்பல் கட்டிய ஊரா?

2022 ஏப்ரல் 9, காலை (வாசகர் ஒருவரின் கேள்வி)

போன வார இறுதியில் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் மிஸ்டிக் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். ஆற்றங்கரையில் சின்ன ஊர். சார்ல்ஸ் மோர்கன் என்ற பழைய திமிங்கல வேட்டைக் கப்பல் அங்கே நிற்கிறது. அந்த ஊர்தான் அமெரிக்கத் திமிங்கல வேட்டையின் தலைநகரமாம், அந்தக் கப்பலையும் அங்கேயே கட்டினார்களாம். இவ்வளவு சின்ன ஆற்றுக்குள் திமிங்கலம் எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2022 ஏப்ரல் 9, இரவு

மூன்றுமே தப்பு.

திமிங்கலம் ஆற்றுக்குள் வரவில்லை. கப்பல்தான் திமிங்கலத்தைத் தேடிப் போனது. தென் அட்லாண்டிக், பசிபிக், இந்தியப் பெருங்கடல், ஆர்க்டிக் வரை. ஒரு பயணம் மூன்று வருடம், நான்கு வருடம். பிடித்த இடத்திலேயே உரித்து, கப்பல் மேல்தளத்திலேயே செங்கல் அடுப்பு மூட்டிக் கொழுப்பைக் காய்ச்சி, எண்ணெயைப் பீப்பாயில் அடைத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

தலைநகரம் மாசசூசெட்ஸில் உள்ள நியூ பெட்ஃபர்ட். 1857-இல் அந்த ஒரு துறைமுகத்துக்கு மட்டும் 300-க்கு மேல் திமிங்கலக் கப்பல்கள் இருந்தன. மிஸ்டிக்குக்குப் பத்து மைல் மேற்கே இருக்கும் நியூ லண்டனும் பெரிய திமிங்கலத் துறைமுகம். மிஸ்டிக் கப்பல்களை உச்ச காலத்தில் எண்ணினாலும் இருபதுக்குள் அடங்கும்.

மோர்கன் கட்டப்பட்டதும் நியூ பெட்ஃபர்டில்தான். ஹில்மன் சகோதரர்களின் பட்டறையில் கட்டி, 1841 ஜூலை 21-இல் தண்ணீரில் இறக்கினார்கள். அது மிஸ்டிக்குக்கு வந்தது 1941 நவம்பரில், நூறு வயதில், வேலையெல்லாம் முடிந்த பிறகு.

அப்படியானால் மிஸ்டிக் எதற்குப் பேர்போன ஊர்? கப்பல் கட்டுவதற்கு. 1784 தொடங்கி முதல் உலகப் போர் முடியும் வரை இந்த ஆற்றங்கரையில் 600-க்கும் மேற்பட்ட கப்பல்கள் உருவாகியிருக்கின்றன. அதைச் சொல்லாமல் எல்லோரும் திமிங்கலத்தையே பேசுவது எனக்கு ரொம்ப நாளாக மனசை உறுத்துகிற விஷயம். நான் 2007 முதல் இங்கிருந்து அரை மணி நேரத் தொலைவில் குடியிருக்கிறேன். அப்பா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. அதனால் இந்த ஊர் மேல் எனக்குக் கொஞ்சம் அதிகப் பிடிப்பு. நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

2022 ஏப்ரல் 10

முதலில் ஊரைப் பற்றி. மிஸ்டிக் என்பது ஆட்சிக் கணக்கில் தனி ஊரே இல்லை. ஆற்றின் மேற்குக் கரை கிராட்டனைச் சேர்ந்தது, கிழக்குக் கரை ஸ்டோனிங்டனைச் சேர்ந்தது. நடுவில் ஒரு தூக்குப்பாலம். 1922-இல் திறந்தது, இன்னமும் வேலை செய்கிறது. தலைக்கு மேலே இரண்டு பெரிய கான்கிரீட் எடைகள் தொங்கும். படகு வந்தால் எடைகள் கீழே இறங்கும், பாலம் மேலே எழும். கோடைக்காலத்தில் மணிக்கு ஒருமுறை, 40-ஆவது நிமிடத்தில் தூக்குவார்கள். கார்கள் வரிசையாக நிற்க, மக்கள் ஐஸ்கிரீமோடு வேடிக்கை பார்ப்பார்கள்.

ஆற்றின் பெயரில் மந்திரம் தந்திரம் எதுவும் இல்லை. இங்கே வாழ்ந்த பீக்வாட் மக்களின் சொல்லான ‘மிஸ்ஸி டக்’ என்பதன் திரிபு. கடலின் ஏற்ற வற்றம் ஏறி இறங்கும் பெரிய ஆறு என்று பொருள். கடல் நீர் உள்ளே ஏறும், வெளியே வற்றும். கழிமுகம் என்றே சொல்லலாம்.

2022 ஏப்ரல் 10, பிற்பகல்

பீக்வாட் மக்களைப் பெயர்க் காரணத்துக்கு மட்டும் இழுத்துவிட்டு நகர்ந்தது சரியில்லை. 1637 மே 26 விடியற்காலையில் ஜான் மேசன் தலைமையில் வந்த ஆங்கிலேயர்கள், மொஹீகன், நாராகன்செட் என்ற வேறு இரு பழங்குடிகளின் துணையோடு, மிஸ்டிக் மேட்டில் இருந்த பீக்வாட் கோட்டைக் குடியிருப்பைச் சூழ்ந்து தீ வைத்தார்கள். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் என்று பல நூறு பேர் ஒரு மணி நேரத்துக்குள் செத்துப்போனார்கள். கப்பல் பட்டறைகள் எழுந்ததெல்லாம் அதற்கு நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு, அந்த மேட்டின் அடிவாரத்தில். பிழைத்தவர்களின் வாரிசுகள் இன்றும் இதே மாவட்டத்தில் வாழ்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதியிலிருந்து திமிங்கல வேட்டைக்குப் போன மாலுமிகளில் பீக்வாட் ஆண்களும் உண்டு.

2022 ஏப்ரல் 16

கப்பல் கட்டிய கதைக்கு வருகிறேன்.

ஆழமில்லாத ஆறு, குறுகலான ஆறு. அதில் ஏன் கப்பல் கட்டினார்கள் என்று கேட்டால், கட்டுவதற்கு ஆழம் தேவையில்லை என்பதுதான் பதில். காற்றுக்கு மறைவான, சரிவான கரை வேண்டும். பக்கத்தில் ஓக் மரம் வேண்டும். ஏற்றம் வரும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். வெறும் ஓடாக இருக்கும் கப்பல் அதிகம் அமிழாது, ஏற்றத்தில் இறக்கி வெளியே கொண்டுபோய்விடலாம். சரக்கு ஏற்றிக்கொண்டு திரும்ப இந்த ஆற்றுக்குள் வர வேண்டியதில்லை. ஊரில் பிறந்த கப்பல் ஊருக்கே திரும்பாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் போல.

ஜார்ஜ், கிளார்க், தாமஸ் என்று மூன்று கிரீன்மன் சகோதரர்கள் 1830-களின் கடைசியில் கிழக்குக் கரையில் பட்டறை போட்டார்கள். ஏழாம் நாள் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள், சனிக்கிழமை ஓய்வு நாள். அடிமை முறையை எதிர்த்தவர்கள். மூன்று பேரின் வீடுகளும் சாலையோரம் அடுத்தடுத்து இன்றும் நிற்கின்றன. ‘டேவிட் கிராக்கெட்’ என்ற கிளிப்பர் 1853-இல் அவர்கள் கட்டியது. கிளிப்பர் என்றால் வேகத்துக்காகவே ஒல்லியான உடலும் நிறையப் பாயும் வைத்துக் கட்டிய சரக்குக் கப்பல். கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்த பிறகு நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்காவின் நுனியைச் சுற்றி சான் பிரான்சிஸ்கோ போக ஒவ்வொரு நாளும் பணம்.

இன்னொரு பட்டறை ஐரன்ஸ் அண்ட் கிரினெல். அவர்கள் 1855-இல் கட்டிய ‘ஆண்ட்ரூ ஜாக்சன்’ அந்த வழியை 89 நாள் 4 மணி நேரத்தில் கடந்தது. உலகமே கொண்டாடும் ‘ஃப்ளையிங் கிளவுட்’ எடுத்தது 89 நாள் 8 மணி. இந்தச் சின்ன ஆற்றில் பிறந்த கப்பல்தான் முந்தியது!

2022 ஏப்ரல் 17

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். வாசகர் ஒருவர் சரியாகவே பிடித்தார்.

ஃப்ளையிங் கிளவுடின் 89 நாள் 8 மணி (1854) நங்கூரம் எடுத்ததிலிருந்து நங்கூரம் போட்டது வரையான கணக்கு. ஆண்ட்ரூ ஜாக்சனின் 89 நாள் 4 மணி (1859-60) துறைமுக வழிகாட்டி இறங்கியதிலிருந்து மறுமுனையில் வழிகாட்டி ஏறிய நேரம் வரை. அது போய்ச் சேர்ந்தபோது காற்று இல்லாமல் துறைமுகத்துக்கு வெளியே காத்துக்கிடந்தது. நங்கூரக் கணக்கில் பார்த்தால் 90 நாள் தாண்டிவிடும். ஆக, நங்கூரத்துக்கு நங்கூரம் என்றால் பட்டம் ஃப்ளையிங் கிளவுடுக்கு. மிஸ்டிக் அருங்காட்சியகத்தை நிறுவியவர்களில் ஒருவரும் கிளிப்பர் வரலாற்றை எழுதியவருமான கார்ல் கட்லர் ஆண்ட்ரூ ஜாக்சன் பக்கம் நின்று வாதாடினார். நான் ஊர்ப்பாசத்தில் அவர் பேச்சை அப்படியே எழுதிவிட்டேன்.

ஆனால் ஒன்று. இரண்டு கப்பலுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரம். 1989 வரை வேறு எந்தப் பாய்க்கப்பலும் இந்த நேரத்தை முறியடிக்கவில்லை. 130 வருடம்! பாஸ்டன் போன்ற பெருநகரத்தில், டொனால்ட் மெக்கே போன்ற பேர்பெற்ற மேஸ்திரி கட்டிய கப்பலோடு, தெருவில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஒரு ஊர் கட்டிய கப்பல் சரிக்குச் சரி நின்றது. எனக்கு அது போதும்.

2022 ஏப்ரல் 23

“திமிங்கலத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீர்களே” என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் யோசித்தேன். கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

சார்ல்ஸ் மாலரி என்று ஒருவர். கப்பல்களுக்குப் பாய் தைக்கும் தொழிலாளி. 1816-இல் இருபது வயதில் மிஸ்டிக்குக்கு வந்தார். பாய் தைத்து வந்த காசில் திமிங்கலக் கப்பல்களில் பங்கு வாங்கினார். அப்புறம் முழுக் கப்பல்களையே வாங்கி வேட்டைக்கு அனுப்பினார். அந்த எண்ணெய்ப் பணம் 1850-களில் எங்கே போனது? கப்பல் பட்டறைக்குள். ‘மேரி சட்டன்’, ‘ட்வைலைட்’ போன்ற அருமையான கிளிப்பர்கள் அவருடைய பட்டறையில் கட்டியவை. பாய் தைத்தவர் திமிங்கலத்தால் முதலாளி ஆனார், திமிங்கலப் பணத்தால் கப்பல் கட்டினார். எண்ணிக்கையில் சின்னதாக இருந்த வேட்டைதான் இந்த ஊர்ப் பட்டறைகள் பலவற்றுக்குக் கைமுதல். நான் ஏப்ரல் 9-இல் எழுதியதில் எண்கள் சரி, தீர்ப்புதான் அவசரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1859-இல் பென்சில்வேனியாவில் டிரேக் கிணறு தோண்டிப் பெட்ரோலியம் எடுத்தார். மண்ணெண்ணெய் வந்தது, திமிங்கல எண்ணெயின் காலம் இறங்கியது. திமிங்கலத்தையே நம்பியிருந்த ஊர்கள் படுத்துவிட்டன. மாலரி குடும்பம் அதற்கு முன்பே கப்பல் கட்டவும் சரக்குக் கப்பல் ஓட்டவும் மாறியிருந்தது. மகன் சார்ல்ஸ் ஹென்றி நியூயார்க்குக்கும் டெக்சாஸுக்கும் இடையே நீராவிக் கப்பல் வரிசையே நடத்தினார்.

2022 ஏப்ரல் 23, இரவு

எழுத விட்டுப்போனது. அதே மாலரி வம்சத்தில் நான்காம் தலைமுறை பிலிப் மாலரி. 1916-இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் டியூராசெல் பேட்டரியைக் கொண்டுவந்தது. கொள்ளுத்தாத்தா விளக்கெரிக்கத் திமிங்கல எண்ணெய் விற்றார். கொள்ளுப்பேரன் டார்ச் லைட்டுக்கு பேட்டரி விற்றார். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திறந்து பார்த்தால் மிஸ்டிக்கின் ஒரு நூல் அங்கேயும் வந்து நிற்கலாம்.

2022 ஏப்ரல் 30

மாலுமிகளுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு.

மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். நம் கடற்கரையில் மடி எடுத்து வந்ததும் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்களே, அதே ஏற்பாடு. ஆனால் அளவைப் பாருங்கள். கேப்டனுக்குப் பத்தில், பதினைந்தில் ஒரு பங்கு. கப்பலையே பார்த்திராத புதுப் பையனுக்கு 175-இல் ஒரு பங்கு, சில சமயம் 200-இல் ஒன்று.

மோர்கனின் முதல் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 1841 செப்டம்பரில் கிளம்பி 1845 ஜனவரியில் திரும்பியது, 40 மாதம். சரக்கின் மதிப்பு ஏறக்குறைய 56,000 டாலர். 175-ஆல் வகுத்தால் 320 டாலர். மாதத்துக்கு எட்டு டாலர். இது சரக்கின் முழு மதிப்பில் போட்ட கணக்கு. கப்பலிலேயே கடனுக்கு வாங்கிய சட்டை, பூட்ஸ், புகையிலை எல்லாவற்றுக்கும் வட்டியோடு இதில்தான் பிடிப்பார்கள். மூன்று வருடம் உயிரைப் பணயம் வைத்துவிட்டுக் கடனோடு கரை இறங்கியவர்கள் உண்டு.

நான் அந்தக் கப்பலின் முன்பக்கத்துக் கீழ் அறையில் இறங்கி நின்றிருக்கிறேன். ஏணியில் பின்பக்கமாகத் திரும்பி இறங்க வேண்டும். இரண்டு அடுக்காகப் பலகைப் படுக்கைகள், முக்கோண வடிவில் ஒடுங்கிப் போகும் அறை. இருபது பேருக்கு மேல் அங்கே. பின்பக்கத்தில் கேப்டன் அறை. 1860-களில் லாண்டர்ஸ் என்ற கேப்டன் தன் மனைவி லிடியாவையும் கூட்டிப் போனார். அவருக்காக, கப்பல் எப்படி ஆடினாலும் மட்டமாகவே நிற்கும் தொங்கு கட்டில் ஒன்று செய்தார்கள். அது இன்னும் இருக்கிறது. ஒரே கப்பலில் இரண்டு உலகம்.

2022 மே 1

மொத்தக் கணக்கு கேட்டவருக்கு: மோர்கன் 1921 வரை 37 பயணம் போனது. கொண்டுவந்தது 54,483 பீப்பாய் எண்ணெய். ஒரு பீப்பாய் முப்பத்தொன்றரை கேலன். நம் கணக்கில் 65 லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கீழே. அதோடு ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் திமிங்கல வாய்த் தட்டு. சில திமிங்கலங்களுக்குப் பல்லுக்குப் பதிலாகச் சீப்பு மாதிரித் தொங்குமே, அதுதான். பெண்களின் இடுப்புக்கச்சைக்கும் குடைக்கம்பிக்கும் போனது.

எண்ணும்போது கப்பலைப் பார்த்து வியக்கிறோம். அத்தனையும் உயிர். அதையும் சேர்த்து நினைக்காமல் அந்த மேல்தளத்தில் என்னால் நிற்க முடிவதில்லை.

2022 மே 2

அம்பர் பற்றிக் கேட்டவருக்கு. செய்திகளில் ‘திமிங்கல உமிழ்நீர்’ என்று வருவது தப்பான சொல். அது வாயில் ஊறுவது இல்லை. ஸ்பெர்ம் திமிங்கலம் தின்னும் கணவாய்களின் கடினமான அலகு செரிக்காமல், அதைச் சுற்றிக் குடலில் திரள்வது. அந்தக் காலத்தில் வேட்டைக்காரர்களுக்கு அது கிடைத்தால் அதிர்ஷ்டம். இன்று இந்தியாவில் ஸ்பெர்ம் திமிங்கலம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவதால் அதை வைத்திருப்பதே குற்றம். கரையில் ஒதுங்கிக் கிடந்தாலும் எடுக்காதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். இதோடு அம்பரை விடுவோம்.

2022 மே 14

இன்று மழை, வெளியே போகவில்லை. பல நாளாக எழுத நினைத்ததை எழுதுகிறேன்.

2011 கோடையில் அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். அப்போது மோர்கனைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் வைத்திருந்தார்கள். 2008-இல் ஏற்றியது, 2013-இல்தான் திரும்ப இறக்கினார்கள். ஐந்து வருட வேலை. அப்பாவுக்கு அமெரிக்காவில் எதுவும் பிடிக்கவில்லை. நியூயார்க் கட்டடங்களைப் பார்த்து “சரி” என்றார், அவ்வளவுதான். மிஸ்டிக்குக்கும் அம்மா சொன்னதால்தான் கிளம்பினார்.

கப்பலுக்கு அடியில் போய் நின்றோம். மேலே செம்புத் தகடு இல்லை, சில இடங்களில் பலகையைக் கழற்றி உள்ளே வங்கு தெரிந்தது. வங்கு என்றால் கப்பலின் விலா எலும்பு. அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். ஏராக்கட்டையை, அதாவது அடியில் முதுகெலும்பு போல ஓடும் நீளக் கட்டையை, அணியம் என்கிற முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை கையால் தடவிக்கொண்டே நடந்தார். திரும்பி வந்து சொன்னார்: “ஏல, இது அறுத்து வளைச்ச மரம் இல்ல. வளைஞ்சே வளந்த மரம்.”

அதேதான். லைவ் ஓக். அமெரிக்காவின் தெற்கில், கடலோரத்தில் வளர்வது. உயரமாகப் போகாது, பக்கவாட்டில் பெரிய கிளைகளை வளைத்து வளைத்து விரிக்கும். அந்த வளைவிலேயே வங்கை வெட்டினால் மரத்தின் நார் அறுபடாமல் வளைவோடு ஓடும். அதற்காகவே இந்தப் பக்கத்து ஆட்கள் ஒவ்வொரு குளிர்காலமும் கும்பலாக ஜார்ஜியாவுக்கும் ஃப்ளோரிடாவுக்கும் போய், சதுப்பு நிலத்தில் தங்கி மரம் வெட்டினார்கள். அவ்வளவு கனமான மரம், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். மோர்கனின் பழுதுபார்ப்புக்கும் அந்த மரம்தான் வேண்டியிருந்தது. யாரும் இப்போது அதை வெட்டி விற்பதில்லை. தெற்கே சூறாவளியில் சாய்ந்த மரங்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பாஸ்டனில் பழைய கடற்படைத் தளம் இருந்த இடத்தில் கட்டடம் கட்டத் தோண்டியபோது, அந்தக் காலத்தில் புதைத்து வைத்த கப்பல் மரங்கள் கிடைத்தன. அவையும் இங்கே வந்தன.

தூத்துக்குடியில் அப்பா வங்குக்குக் கருவை மரம் தேடிப் போவார். சின்ன வயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். மரத்தைப் பார்க்க மாட்டார், வளைவைப் பார்ப்பார். “இது பின்வங்கு, அது நடுவங்கு” என்று நிற்கிற மரத்திலேயே தோணியைப் பார்த்துவிடுவார்.

அங்கே ஒரு பெரியவர் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை உளியால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தார். நம் ஊரில் கலப்பத்து என்போம். பஞ்சு, அதற்கு மேல் தார் போட்ட சணல், அதற்கு மேல் பூச்சு. நம் ஆட்கள் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள், அதுதான் வித்தியாசம். அப்பா பக்கத்தில் போய் நின்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்காமல் கொட்டாப்புளியை நீட்டினார். அப்பா வாங்கி நாலு அடி அடித்தார். டொக், டொக் என்று இருந்த சத்தம் மூன்றாவது அடியில் டிங் என்று இறுகியது. பெரியவர் தலையை ஆட்டினார். அப்பாவும் ஆட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது.

கிளம்பும்போது தரையில் கிடந்த லைவ் ஓக் சிராய் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். உள்ளங்கை அளவு.

2022 மே 15

போர்க்கப்பல் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் (1861-65) இந்த ஆறு 50-க்கும் மேற்பட்ட நீராவிக் கப்பல்களைக் கொடுத்தது. அமெரிக்கக் கடற்படையின் முதல் மூன்று இரும்புக்கவசக் கப்பல்களில் ஒன்றான ‘கலீனா’ இங்கே மேக்ஸன் ஃபிஷ் பட்டறையில் கட்டி 1862 பிப்ரவரி 14-இல் இறக்கியது. மூன்றே மாதத்தில், மே 15-இல், ட்ரூரிஸ் பிளஃப் என்ற இடத்தில் மேட்டிலிருந்து வந்த குண்டுகள் அதன் மெல்லிய கவசத்தைத் துளைத்துவிட்டன. உள்ளே இருந்த பலர் இறந்தார்கள். பிறகு கவசத்தையே கழற்றிவிட்டு மரக்கப்பலாக ஓட்டினார்கள். வடிவத்தில் இருந்த குறைக்கு ஓடாவிகள் பொறுப்பில்லை, கவசம் மெல்லிசு என்பது முதலிலிருந்தே பலர் சொன்னதுதான்.

அதே போரில் இன்னொரு முடிவும் நடந்தது. நியூ பெட்ஃபர்ட், நியூ லண்டன் பகுதிகளின் வயதான திமிங்கலக் கப்பல்களை அரசு வாங்கி, கல் ஏற்றி, 1861 டிசம்பரில் தெற்கத்தியர் கையில் இருந்த சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் மூழ்கடித்தது, எதிரியின் வழியை அடைக்க. வழி அடைபடவில்லை. கப்பல்கள்தான் போயின. அத்தனை கைவேலை!

2022 மே 17

இன்றோடு எட்டு வருடம். 2014 மே 17-இல் மோர்கன் மிஸ்டிக்கை விட்டுத் தன் 38-ஆவது பயணத்துக்குக் கிளம்பியது. பாலத்தருகே நின்று பார்த்தேன். பாலம் தூக்கி நின்றது, இழுவைப் படகு இழுக்க, கப்பல் மெல்ல வந்தது. ஆற்றில் ஆழம் போதாது என்பதால் கப்பல் சாயாமல் இருக்க அடியில் வைக்கும் சுமையை முழுக்க ஏற்றவில்லை, நியூ லண்டனில் போய் மீதியை ஏற்றினார்கள். நான் ஏப்ரல் 16-இல் எழுதியதை நேரிலேயே காட்டியது போல இருந்தது: வெறும் ஓடு வெளியே போகும், சுமை வெளியே ஏறும்.

அந்தக் கோடையில் பாஸ்டனுக்கு வெளியே ஸ்டெல்வாகன் மேட்டில் கூனல் திமிங்கலங்கள் கப்பலுக்குப் பக்கத்திலேயே வந்து மூச்சுவிட்டன. வேட்டைப் படகை இறக்கினார்கள், ஈட்டி இல்லாமல். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா தொலைபேசியில் சொன்னது: “அதுங்க மறந்திருக்கும், நாம மறக்கக் கூடாது.”

2022 ஜூன் 4

“நம்மவர்கள் கட்டிய கப்பல் ஏதாவது அமெரிக்கா போயிருக்கிறதா?”

போயிருக்கிறது. இதே நியூ இங்கிலாந்துக்கு. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய ‘அன்னபூரணி’. இரண்டு பாய்மரம். ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை விலைக்கு வாங்கி ‘ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை சூயஸ் வழியாக அட்லாண்டிக்கைத் தாண்டி மாசசூசெட்ஸின் கிளாஸ்டர் துறைமுகத்துக்கு 1938 ஆகஸ்ட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிளாஸ்டரும் மரக்கப்பலுக்குப் பேர்போன ஊர். அந்த ஊர்த் தச்சர்கள் நம் கலப்பத்தைக் குனிந்து பார்த்திருப்பார்கள் என்று நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. மிஸ்டிக்கிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கிளாஸ்டர் போய்விடலாம். இந்தப் பக்கம் வருபவர்கள் அங்கேயும் ஒரு நடை போய் நில்லுங்கள்.

2022 ஜூன் 5

முதலில் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார், ஜூலையில் திரும்பப் போகிறாராம், எதை முதலில் பார்ப்பது என்று. கப்பலை விட்டுவிட்டு முதலில் பட்டறைக்குப் போங்கள். அருங்காட்சியகத்துக்குள்ளேயே இருக்கிறது, கிரீன்மன் சகோதரர்கள் கப்பல் கட்டிய அதே நிலத்தில். மாடிப் பால்கனியிலிருந்து வேலை நடப்பதைப் பார்க்கலாம். ‘அமிஸ்டாட்’ நகல் கப்பலை 2000-இல் இறக்கியதும், ‘மேஃப்ளவர் 2’-ஐப் பழுதுபார்த்து 2020-இல் அனுப்பியதும் இங்கிருந்துதான். அப்புறம் கயிறு திரித்த நீளக் கூடம். பிளிமத்தில் ஆயிரம் அடிக்கு மேல் நீண்டிருந்த கட்டடத்தின் ஒரு துண்டு, அதுவே 250 அடி. குழந்தைகள் ஓடிப் பார்க்கட்டும். கடைசியாக மோர்கன்.

2022 ஆகஸ்ட் 21

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். ஒரு திருத்தம்.

மே 14-இல் லைவ் ஓக் தண்ணீரில் மூழ்கிவிடும் என்று எழுதியிருந்தேன். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. டிவி மேல் பதினோரு வருடமாக இருக்கும் அந்தச் சிராயை எடுத்து வந்தார். கொல்லையில் ஒரு கருவைச் சிராயைத் தேடி அதே அளவுக்குச் சீவினார். வாளியில் தண்ணீர் பிடித்து இரண்டையும் போட்டார்.

இரண்டும் மிதந்தன. கருவை கொஞ்சம் மேலே நின்றது. லைவ் ஓக் விளிம்பு மட்டும் தெரிய, மீதி முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. “பச்சையில முங்கும்ல. காஞ்சா மிதக்கும். பச்சையா வெட்டுனவன் சொன்னத நீ எழுதிட்ட” என்றார்.

இரண்டையும் துணியில் துடைத்து டிவி மேல் வைத்துவிட்டார்.